உங்கள் பங்கு 5,700 கோடி புழு!

முதலில் ஒரு நல்ல சேதி. உங்கள் பேரில் 5,700 கோடி இருக்கிறது. ரூபாய் இல்லை சார், புழு!

2019-ல் உலகம் முழுக்க மண் எடுத்துக் கணக்குப் போட்ட விஞ்ஞானிகள், மேல்மண்ணில் இருக்கிற நூற்புழுக்களை மனுஷங்களுக்குப் பங்கு பிரித்தால் தலைக்கு இவ்வளவு தேறும் என்றார்கள்.

'நூற்புழுவா? வேரைக் கெடுக்கிற சனியனாச்சே!' என்பார்கள் விவசாயிகள். அது வேறு கோஷ்டி. நான் சொல்வது யாரையும் அண்டிப் பிழைக்காமல் மண்ணில் சுதந்திரமாகத் திரிகிற ஜாதி. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, மிஞ்சிய நைட்ரஜனைக் கழித்து, செடிகளுக்குச் சாப்பாடு போடுகிற பரோபகாரிகள். பல புழுக்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உடம்போ கண்ணாடி மாதிரி.

இவற்றைப் பிடிக்கிற வித்தை சுலபம். தண்ணீர் நிரப்பிய புனலின் மேல் மெல்லிய தாளில் மண்ணை வைக்கிறார்கள். புழு நெளிந்து நெளிந்து தாளைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். மேலே நீந்தி வரத் தெரியாது, பாவம். ஒரு நாள் கழித்து அடியிலுள்ள ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினால் அத்தனையும் கிண்ணத்தில்!

இன்னார் என்று கண்டுபிடிப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் முதலில் வாயைப் பார்க்கணும். வெறும் குழாய் என்றால் பாக்டீரியா தின்னி. ஊசி இருந்தால் பூஞ்சையையோ வேரையோ குத்தி உறிஞ்சுகிற ஆள். பல் இருந்தால் அநேகமாகத் தாதா. சொந்த ஜாதியையே விழுங்கும். அப்புறம் நீளத்தை அகலத்தால் வகு, வாலால் வகு... புழு வயசுக்கு வராத குட்டியாக இருந்தால் பல சமயம் இத்தனை பாடும் வீண்.

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு ம்பல்மாயோ காட்டில் இதை நிஜமாகவே செய்தார்கள். பறவை, பட்டாம்பூச்சி, வண்டு, எறும்பு, கரையான், நூற்புழு என்று எட்டுப் பிரிவுகளைக் கணக்கெடுத்து, ஜான் லாட்டன் குழு 1998-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. நூற்புழுவில் மட்டும் 400 ரகத்துக்கு மேல். பெரும்பாலானவை எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லாதவை. ஆள் சின்னதாக ஆக, அதற்குச் செலவான நேரமும் எக்கச்சக்கமாக ஏறியது.

என்னை உலுக்கியது அடுத்த சேதி. ஒரு பிரிவு செழிப்பாக இருப்பதை வைத்து இன்னொன்றும் அப்படியே என்று சொல்ல முடியவில்லை. மானேஜர் அறை பளபளவென்று இருந்தால் ரிக்கார்ட் ரூமிலும் கரையான் இல்லை என்று அர்த்தமா? காட்டில் பட்டாம்பூச்சியை எண்ணிவிட்டு 'எல்லாம் க்ஷேமம்' என்று ரிப்போர்ட் எழுதுவதும் அதே கதைதான்.

இப்போது டி.என்.ஏ. வந்துவிட்டதே என்பீர்கள். வாஸ்தவம். ஒரு பிடி மண்ணிலிருந்து மொத்தமாகப் படித்துவிடலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியலில் அந்தப் புழு இல்லையென்றால் கம்ப்யூட்டரும் கையை விரிக்கும். பட்டியலில் ஏற்ற, யாரோ ஒருத்தர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்துதான் ஆகணும்.

அதற்குள் மரத்தை வெட்டி மண்ணைப் புரட்டிவிட்டால்? காணாமல் போனவர் பேரும் தெரியாது, அடையாளமும் தெரியாது என்றால் எந்த ஸ்டேஷனில் சார் புகார் எடுப்பார்கள்?