பெருந்தொகுப்பு மேலாண்மை

பெருந்தொகுப்பு மேலாண்மை என்பது, கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில் ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கொண்ட முப்பரிமாண மாதிரிகளைத் தாமதமின்றித் திறக்கவும் திருத்தவும் பயன்படும் முறைகளைக் குறிக்கும். தனித்தனியே வரையப்பட்ட உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் கோப்பு தொகுப்பு அல்லது அசெம்பிளி எனப்படுகிறது. எத்தனை உறுப்புகள் இருந்தால் அது பெருந்தொகுப்பு என்பதற்குத் திட்டமான எல்லை ஏதும் இல்லை. பணி தடைப்படும் அளவுக்குக் கணினி திணறுமாயின் அது பெருந்தொகுப்பே.

பின்னணி

1994 இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 வானூர்தி, காட்டியா மென்பொருளைக் கொண்டு முழுவதும் கணினியில் வடிவமைக்கப்பட்டது. அதன் உறுப்புகள் ஏறத்தாழ 30 இலட்சம். குழாயும் கம்பியும் சட்டமும் ஒன்றையொன்று இடிக்கின்றனவா என்பதை உற்பத்திக்கு முன்பே திரையில் கண்டறிவதே நோக்கம். இத்தகைய மாதிரியை விரைந்து சுற்றிப் பார்ப்பதற்கென்றே பிளைத்ரூ என்னும் தனி மென்பொருளைப் போயிங் உருவாக்கிக்கொண்டது. பார்ப்பதற்குத் தேவைப்படும் தரவு, திருத்துவதற்குத் தேவைப்படும் தரவைவிட மிகக் குறைவு என்பதே இதன் அடிப்படை.

தாமதத்தின் காரணங்கள்

ஓர் உறுப்பின் கோப்பில் அதன் துல்லியமான பரப்புகளும், அவை உருவான படிநிலை வரலாறும், திரையில் காட்டுவதற்கான முக்கோண வலையும் அடங்கியிருக்கும். முழுமையாக ஏற்றும்போது இவை அனைத்தும் நினைவகத்துக்கு வருகின்றன. இதனுடன், உறுப்புகளைப் பிணைக்கும் கட்டுப்பாடுகளையும் மென்பொருள் தீர்க்க வேண்டும். இக்கணக்குகளில் பெரும்பகுதி ஒன்றன் முடிவை மற்றொன்று சார்ந்திருப்பதால், அவற்றைப் பல கருக்களுக்குப் பகிர்ந்தளிப்பது கடினம். ஆகவே கருக்கள் மிகுந்த விலையுயர்ந்த செயலியை வாங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். ஒற்றைக் கருவின் வேகமும் போதிய நினைவகமும் கூடுதல் பயன் தரும்.

பலர் கவனியாத காரணம் ஒன்றுண்டு. விற்பனையாளர் தளங்களிலிருந்து தரவிறக்கும் மோட்டார், தாங்கி போன்றவற்றின் மாதிரிகளில் உள்ளுறுப்புகளும், பொறித்த எழுத்துகளும்கூட வரையப்பட்டிருக்கும். ஒரு போல்ட்டின் திருகுப் புரியைச் சுருளாகவே வரைந்து 500 இடங்களில் பொருத்தினால், எந்த வரைவியல் அட்டையும் தடுமாறும். புரியைக் குறியீடாக மட்டும் காட்டுவதே வழக்கம்.

தீர்வுகள்

சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் இலகு நிலை, ஸ்பீட்பேக் ஆகியனவும், காட்டியாவில் காட்சி நிலையும், கிரியோவில் எளிமையாக்கிய உருக்களும் உள்ளன. பெயர்கள் வேறாயினும் தேவையற்றதை ஏற்றாமலிருப்பதே இவற்றின் பொதுத்தன்மை.

தொகுப்பைத் துணைத்தொகுப்புகளாகப் பிரிப்பது இவற்றினும் முதன்மையானது. 1,000 உறுப்புகளை மேல்மட்டத்திலேயே பிணைத்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அத்தனை பிணைப்புகளும் கணக்கிடப்படக்கூடும். அவற்றை 20 துணைத்தொகுப்புகளாக்கினால் மேல்மட்டத்தில் 20 பொருட்களே எஞ்சும். துணைத்தொகுப்பை நெகிழ்வு நிலையில் வைத்தால் இந்த ஆதாயம் குறைந்துவிடும். அதன் உட்பிணைப்புகள் மீண்டும் மேல்மட்டக் கணக்கில் சேர்வதே காரணம்.

வரம்புகள்

எளிமையாக்கம் இடர் அற்றதன்று. மறைத்த போல்ட் தலை, அருகிலுள்ள மூடியை இடிப்பதை இடையீட்டுச் சோதனை காட்டாமல் போகலாம். செயலிழக்கச் செய்த உறுப்பின் எடை மொத்த எடையில் சேராது. ஈர்ப்பு மையமும் பிழையாகும். எனவே உற்பத்திக்கு வரைபடம் அனுப்புமுன், எவ்வளவு நேரமாயினும், முழு மாதிரியையும் ஒருமுறை ஏற்றிச் சோதிக்க வேண்டும்.