தைரொட்சின் அளவு மாற்றமும் உடலின் காலக்கணக்கும்: கிண்ணியாவை முன்வைத்து ஒரு நோக்கு

தைரொயிட்டு ஓமோன் குறைபாட்டுக்காக மருந்து உண்போரிடையே ஒரு முறைப்பாடு பரவலாகக் கேட்கப்படுகின்றது. வைத்தியர் மருந்தின் அளவை மாற்றினார். அதன்பின் நெஞ்சு படபடக்கின்றது, நித்திரை வருவதில்லை, தலைமயிர் உதிர்கின்றது. அல்லது முன்னிருந்த சோர்வு சற்றேனும் நீங்கவில்லை. இதனைக் கொண்டு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என முடிவுசெய்து, பலர் குளிசையையே நிறுத்திவிடுகின்றனர். இம்முடிவு விளங்கிக்கொள்ளத்தக்கதாயினும் பெரும்பாலும் தவறானது. பக்க விளைவு எனப்படுவனவற்றுட் பெரும்பகுதி, மருந்தின் நச்சுத்தன்மையால் விளைவதன்று. அளவு கூடியமையாலோ குறைந்தமையாலோ, அளவு மாறியபின் போதிய காலம் கழியாமையாலோ விளைவதாகும். இதனைக் கிண்ணியாப் பிரதேசத்தின் வாழ்நிலையோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிண்ணியாவைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. கொட்டியாரக்குடாவை அண்டிய இவ்வூர் மக்களுட் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். ஆண்டுதோறும் ஒரு மாத காலம் உணவின் நேரம் இங்கு முற்றாக மாறுகின்றது. வெப்பம் மிகுந்த உலர்வலயக் கரையோரமாகவும் இது உள்ளது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையில் இவ்வூர் வைத்தியசாலை பேரழிவுக்குள்ளானது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குச் செல்வோர் இயந்திரப் படகுப்பாதையை நம்பியிருந்தனர். வெறும் வயிற்றில் உண்ணவேண்டிய, வெப்பத்திற் கெடக்கூடிய, அடிக்கடி குருதிப் பரிசோதனையை வேண்டும் ஒரு மருந்துக்கு இவையனைத்தும் முக்கியமான புறநிலைகளாகும்.

கடலும் அயடினும்

கடல்மீன் உண்ணும் கரையோரத்தவர்க்குத் தைரொயிட்டு நோய் வாராது என்றொரு கருத்து நிலவுகின்றது. இதில் ஓரளவு உண்மையுண்டு. மகாதேவா, சண்முகநாதன் ஆகிய ஆய்வாளர்கள் இலங்கையின் கண்டமாலைப் பிரச்சினை குறித்து 1967இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. அயடின் குறைபாட்டாலான கண்டமாலை இந்நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்திலேயே மிகுந்திருந்தது. 1990களில் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டமாக்கப்பட்ட பின்னர் அதுவும் பெரிதுங் குறைந்தது.

எனினும் ஓமோன் குறைபாட்டுக்கு அயடின் பற்றாக்குறை மாத்திரம் காரணமன்று. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கி அழிக்கும் நிலைமை, அயடின் போதியளவு கிடைக்கும் சமூகங்களிலே முதன்மையான காரணமாகும். பெண்களிடையே இது மிகுதி. சுரப்பி சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டோரும் வாழ்நாள் முழுவதும் ஓமோனை வெளியிலிருந்தே பெறவேண்டியவராவர். இவர்கட்கு மீனும் உப்பும் மருந்தாகா, தைரொட்சினே மருந்து.

ஏழு நாட்களின் கணக்கு

1891இல் ஜோர்ஜ் மரே என்னும் ஆங்கிலேய வைத்தியர் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசிமூலம் ஏற்றி நோயைத் தணித்தார். தொடர்ந்து சிகிச்சை பெற்ற அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் கெண்டல் தைரொட்சினைத் தூயநிலையிற் பிரித்தெடுத்தார். 1927இல் ஹரிங்டனும் பாஜரும் அதனைச் செயற்கையாக ஆக்கினர். இன்று நாம் உண்ணும் குளிசையிலிருப்பது சுரப்பி தானே சுரக்கும் அதே பொருளாகும். உடலுக்கு அந்நியமான பொருளொன்றை உட்கொள்வதாக நோயாளர் அஞ்சுவதற்கு இடமில்லை. ஆயின் சுரப்பி தேவையறிந்து சுரக்கும். குளிசையோ எழுதிய அளவையே தரும். அளவைத் தேவைக்கு இணங்கச் செய்யும் பொறுப்பு மனிதரிடமே விடப்படுகின்றது.

தைரொட்சின் குருதியிலே ஏறத்தாழ 7 நாட்களுக்கு ஒருமுறை அரைப்பங்காகக் குறைகின்றது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாளொன்றுக்கு 50 மைக்கிரோகிராம் உண்டவருக்கு அளவு 75 ஆக உயர்த்தப்படுகின்றது என்க. முதல் வாரம் முடிவடைகையில் அவர் உடலில் அவ்வுயர்வின் அரைப்பங்கே நிலைகொண்டிருக்கும். இரண்டாம் வாரத்தில் முக்காற்பங்கு. முழுமையை அணுக ஐந்து வாரங்கள் செல்லும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இம்மாற்றத்தை உணர்ந்து, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனாகிய ரீ.எஸ்.எச்.இன் சுரப்பைச் சரிசெய்துகொள்ளவும் காலம் வேண்டும். அளவு மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்தே குருதியைச் சோதிக்கவேண்டும் என்னும் விதியின் அடிப்படை இதுவேயாகும். பத்தாம் நாளிற் சோதித்து அளவை மீண்டும் மாற்றுவது, சமையற்பானை கொதிக்குமுன் மூடியைத் திறந்து திறந்து பார்த்து விறகைத் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

மறுபுறத்தில், இதே கணக்கு ஓர் ஆறுதலையும் அளிக்கின்றது. ஒருநாட் குளிசை தவறினாற் பெருந்தீங்கு நேராது. ஆனால் சுரப்பியே இல்லாத ஒருவர் 28 நாள் மருந்தை விட்டால், முன்னிருந்ததில் ஏறத்தாழ பதினாறிலொரு பங்கே அவரிடம் எஞ்சும்.

குறிகளை வாசித்தல்

அளவு தேவைக்கு மிஞ்சும்போது நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை, வெப்பந் தாங்காமை, மிகுந்த வியர்வை, எடைகுறைதல், அடிக்கடி மலங்கழிதல், காரணமற்ற பதற்றம் ஆகியன தோன்றலாம். அளவு போதாதபோது சோர்வு, குளிர்தாங்காமை, மலச்சிக்கல், தோல் வரட்சி, மாதவிடாய் மிகுதி, மந்தபுத்தி போன்ற நிலை ஆகியன நீடிக்கும். சிகிச்சையின் தொடக்க மாதங்களில் தலைமயிர் உதிர்வது பெரும்பாலும் தற்காலிகமானது.

எனவே குறி தோன்றியதும் செய்யத்தக்கது, குளிசையை வீசுவதன்று, அதனைப் பதிவதாகும். எந்நாளில் அளவு மாற்றப்பட்டது, எந்நாளிற் குறி தோன்றிற்று, காலையில் எழுமுன் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை, எடை எவ்வளவு என்பவற்றை ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதிச்சென்றால், வைத்தியர்க்கு அது பரிசோதனை அறிக்கைக்கு அடுத்த சான்றாகும். அவர் அளவை 12.5 அல்லது 25 மைக்கிரோகிராம் படிகளாகக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒழுங்கற்று விரைந்து நிற்காது துடிக்கும் நாடி ஆகியவற்றுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அவற்றுக்கு அன்றே வைத்தியசாலையை நாடவேண்டும்.

முதியோர், இருதய நோயாளர் ஆகியோர்க்கு 12.5 அல்லது 25 மைக்கிரோகிராமிலே தொடங்கி மெதுவாக உயர்த்துவதே வழக்கம். மந்தமாக இயங்கிய இருதயத்தைத் திடீரென விரைவுபடுத்தினால், ஒடுங்கிய குருதிக்குழாய் அதற்கு ஈடுகொடாது. அமெரிக்காவிலுள்ள பிரேமிங்காம் நகரில் 60 வயதுக்கு மேற்பட்ட 2007 பேரைப் பத்தாண்டுகள் அவதானித்து 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ரீ.எஸ்.எச். மிகத் தாழ்ந்திருந்தோரிடம் இருதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்ததைக் காட்டியது. மிகையளவு நீடித்தால், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பும் மெலியும். ஆகவே உடல் மெலிவதற்கெனத் தைரொட்சினை உண்பது விளையாட்டன்று, ஆபத்தாகும்.

நீரிழிவு நோயாளரிடம் தைரொட்சின் கூட்டப்படும்போது அந்நோய்க்கான மருந்தின் தேவை உயரலாம். வாபரின் உண்போரிடம் குருதி உறையாத் தன்மை மிகலாம். இவர்கள் தமது எல்லா மருந்துகளையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பிரசவத்திற் பெருங்குருதி இழந்து, அதன்பின் பாற்சுரப்பும் மாதவிடாயும் இல்லாதொழிந்த பெண்களிடம் கபச்சுரப்பியே சேதமடைந்திருக்கலாம். அத்தகையோர்க்கு அதிரீனற் சுரப்பியின் நிலையை அறியாமல் தைரொட்சின் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

குளிசைக்குக் குளிசை பகை

தைரொட்சின் வெறும் வயிற்றில் நீருடன், உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் உட்கொள்ளப்படவேண்டியது. கோப்பி அதன் அகத்துறிஞ்சலைக் குறைக்கும். பால் சேர்த்த தேநீரையும் அதே இடைவெளியின் பின் அருந்துவதே நன்று. இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியக் குளிசையும் குடலிலே தைரொட்சினைப் பற்றிக்கொள்வன. அவற்றுக்கும் இதற்கும் இடையே 4 மணித்தியாலம் வேண்டும்.

இது கர்ப்பிணித் தாய்மாரின் விடயத்திற் கூடிய கவனத்துக்குரியது. இலங்கையின் தாய்சேய் நல நிலையங்கள் இரும்புச்சத்தையும் கல்சியத்தையும் இலவசமாக வழங்குகின்றன; சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ மாவும் தரப்படுகின்றது. சோயாவும் தைரொட்சினின் அகத்துறிஞ்சலைக் குறைக்கக்கூடியதே. இவையாவும் தாய்க்கு இன்றியமையாதன, நிறுத்தற்குரியனவல்ல. காலையிலே அனைத்தையும் ஒரே கையில் எடுத்து விழுங்கும் வழக்கமே மாறவேண்டும். தைரொட்சின் அதிகாலையிலும் ஏனையவை மதிய, இரவு உணவுகளோடும் எனப் பிரித்தல் எளிது.

கர்ப்பம் உறுதியானதும் தைரொட்சினின் தேவை ஏறத்தாழ 25 முதல் 30 வீதம் உயர்கின்றது. முதல் மாதங்களிற் சிசு தாயின் ஓமோனையே பெரிதும் நம்பியிருக்கின்றது. அக்காலத்திற் படபடப்புக்கு அஞ்சி மருந்தைக் கைவிடும் தாய், தன் சோர்வை மட்டுமன்றிக் கருச்சிதைவையும் சிசுவின் மூளைவளர்ச்சிக் குறைவையும் விலையாகக் கொடுக்க நேரலாம். அளவு உடனே மீளாய்வு செய்யப்பட்டு, கர்ப்பத்தின் முற்பாதியில் 4 வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படுதல் வேண்டும்.

நோன்பு மாதம்

இலங்கையில் நோன்பின் நேரம் 13 மணித்தியாலத்துக்கு மேற்பட்டது. தைரொட்சின் நாளுக்கு ஒருமுறை மாத்திரம் உண்ணும் மருந்தாதலின், நோன்புக்கும் இதற்கும் முரண்பாடில்லை. இரு வழிகள் உள்ளன. ஸஹர் உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி முன் எழுந்து உண்பது ஒன்று. இரவு இறுதியாக உண்டபின் 3 மணித்தியாலம் கழித்து, உறங்கச் செல்லுமுன் உண்பது மற்றொன்று. இரண்டாவது வழி பயனளிப்பதென்பதை, 90 நோயாளரைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. இரவிலே உண்டபோது மருந்து காலையிலும் நன்றாகவே உறிஞ்சப்பட்டது. நோன்பு திறந்தவுடன் கஞ்சியோடும் பேரீச்சம்பழத்தோடும் சேர்த்து விழுங்குவதே தவிர்க்கப்படவேண்டியது.

எவ்வழியைக் கொண்டாலும் மாதம் முழுவதும் அதனையே கைக்கொள்ளுதல் நன்று. நோன்பு முடிந்து நாலாறு வாரத்தில் ஒரு பரிசோதனை பயன்தரும். நோன்பு தொடங்குமுன் அளவை மாற்றியவர்கள் அதனை வைத்தியரிடம் நினைவூட்டல் வேண்டும். நோயாளர்க்கும் கர்ப்பிணிகட்கும் மார்க்கம் தந்துள்ள சலுகை யாவரும் அறிந்ததே. அதனைப் பயன்படுத்துவதா என்பது அவரவர் தீர்மானம்; மருந்தை விடுவது அத்தீர்மானத்தின் பகுதியாகலாகாது.

தயாரிப்பு மாறுதலும் சமூகப் பொறுப்பும்

தைரொட்சின் வெப்பம், ஒளி, ஈரம் ஆகியவற்றாற் கெடுவது. பொதுவாக 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்கப்படவேண்டியது. தகரக்கூரையின் கீழோ, அடுப்பங்கரையிலோ, யன்னலோரத்திலோ வைத்த குளிசை அளவிற் குன்றிவிடும். பின்னர் அளவு போதவில்லையெனக் கூட்டப்படும். புதிய பொதி வந்ததும் படபடப்புத் தோன்றும். குளிசையை அதன் உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்காமல், வீட்டின் குளிர்ந்த உலர்ந்த பகுதியில் வைத்தல் வேண்டும்.

மருந்தின் தயாரிப்பாளர் மாறுவதும் ஒரு காரணமாகும். 2017இல் பிரான்சில் ஒரு தைரொட்சின் குளிசையின் துணைப்பொருள்கள் மாற்றப்பட்டபோது பல்லாயிரவர் முறையிட்டனர். ஓமோன் அதே ஓமோன்தான். அரசு பழைய தயாரிப்பை மீண்டும் வருவிக்கவேண்டியதாயிற்று. நோயாளர்க்கு உரிய வேளையில் உண்மை சொல்லப்படாமை அக்கலக்கத்தை வளர்த்தது என்பதே நாம் பெறும் பாடமாகும்.

இதனைக் காட்டி வர்த்தகப் பெயர் மருந்தே உயர்ந்ததென வாதிடுவோருளர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் மூலம் பொதுப்பெயர் மருந்துக் கொள்கையை நிலைநாட்ட முயன்றது, ஏழை நோயாளியின் கைக்கு மருந்து எட்டவேண்டும் என்பதற்காகவே. தைரொட்சின் விடயத்தில் அக்கொள்கை வேண்டுவது இரண்டே: கூடியவரை ஒரே தயாரிப்பைத் தொடர்ந்து வழங்குதல், மாற்ற நேர்ந்தால் நோயாளியிடம் அதனைக் கூறி 6 வாரத்திற் பரிசோதித்தல். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது கிடைத்ததை வாங்கி உண்ட அனுபவம் இதனை வலியுறுத்துகின்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, பக்க விளைவைச் சமாளித்தல் என்பது நோயாளியின் பொறுமையை மட்டும் பொறுத்ததன்று. பொறுமையைக் கேட்பவர்கள் அதற்கான காரணத்தையும் தாய்மொழியிற் சொல்லவேண்டும். ஆறாம் வாரத்துப் பரிசோதனை, நாட்கூலியை இழக்காமற் செய்துகொள்ளக்கூடியதாயிருக்கவேண்டும். மருந்தோடு, எவ்வேளையில் எதனோடு உண்ணலாகாது என்னும் துண்டுச்சீட்டு ஒன்றும் தமிழிற் கொடுக்கப்படவேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குளிசையை நிறுத்திவிட்டுச் சோர்ந்திருக்கும் ஒரு பெண்ணை அறியாமையுடையவள் எனக் குறைகூறுமுன், அவளுக்கு இக்கணக்கை யாராவது விளக்கினரா என்று கேட்பதே நமது முதற்கடமையாகும்.