வழிதவறியோரைத் தேடும் தொண்டர்

மலையிலோ அடர்ந்த காட்டிலோ ஒருவர் காணாமற்போனார் என்ற செய்தி பரவியதும், அவரைத் தேடிப் புறப்பட நூறு பேர் முன்வருவது எந்த நாட்டிலும் காணக்கூடியதே. அந்த நூறு பேரும் பயன்படுவார்களா என்பது வேறு விஷயம். பயிற்சியில்லாதோர் கூட்டமாகக் காட்டினுள் நுழைவதால் காணாமற்போனவரின் காலடித் தடங்கள் அழிந்துபோவதுண்டு. மோப்ப நாய்கள் குழம்புவதுண்டு. தேடச் சென்றவர்களுள் சிலரே வழிதவறி, அவர்களையும் தேடவேண்டிய நிலை ஏற்படுவதுமுண்டு. நல்லெண்ணத்தைத் திறமையாக மாற்றுவது எவ்வாறு? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவம் இது குறித்துக் கவனிக்கத்தக்கது.

சியாட்டில் நகருக்குக் கிழக்கே காஸ்கேட் மலைத்தொடர் எழுகிறது. மேலே பனியாறுகள், கீழே மழையில் ஊறிய ஊசியிலைக் காடுகள். அங்கே காணாமற்போனவரைத் தேடும் பொறுப்பைச் சட்டம் ஷெரீப் எனப்படும் வட்டாரக் காவல் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால், அவர் அழைக்கும்போது காட்டிற்குள் இறங்குவோர் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர்களே. 1948-ஆம் ஆண்டில் ஓம் டைபர், உல்ஃப் பாவர், மருத்துவர் ஆட்டோ டிராட் என்னும் மூன்று மலையேறிகள் சியாட்டிலில் மலை மீட்புக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டில் சாரணர் இயக்கத்தின் மூத்த மாணவர்கள் காட்டுத் தேடலில் பயிற்சி பெறலாயினர். 1959-இல் ஆரிகன் மாநிலத்து ஹூட் மலையில் பல குழுக்கள் கூடி, நாடு தழுவிய சங்கத்தை நிறுவின. மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்கலாகாது என்பது அச்சங்கத்தின் உறுதியான கொள்கை. செலவுக்கு அஞ்சி உதவி கேட்கத் தாமதிப்பவர், இருட்டியபின் கேட்பார். அப்போது அவர் உயிருக்கும் தேடுவோர் உயிருக்கும் ஆபத்து மிகும்.

தொண்டராகச் சேர விரும்புவோர் பலர் கயிற்றில் தொங்குவதையும் ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவதையும் மனத்திற் கொண்டு வருகின்றனர். அவர்களுக்கு முதலில் ஏமாற்றமே காத்திருக்கிறது. நன்னடத்தைச் சோதனை முடிந்ததும் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது வரைபடமும் திசைகாட்டியும் ஆகும். பாதையில்லாத புதர்க்காட்டில், மழையிலும் இரவிலும், அடிகளை எண்ணித் தூரம் கணித்து, குறித்த இடத்தை அடையவேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி வந்துவிட்ட இக்காலத்தில் இது எதற்கு என்று கேட்பதுண்டு. ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரநிழலிலும் அக்கருவி தடுமாறும். குளிரில் அதன் மின்கலம் விரைவில் சோர்ந்துபோகும். முதலுதவி, வானொலிப் பேச்சு, தடயங்களை மிதிக்காமல் காத்தல் ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பகலும் ஓரிரவும் பிறர் உதவியின்றித் தாக்குப்பிடிப்பதற்கான உணவும் உடையும் விளக்கும் எப்போதும் முதுகுப்பையில் இருக்கவேண்டும்.

திசையுணர்வை நம்பலாகாது என்பதற்கு விஞ்ஞானச் சான்று உண்டு. ஜெர்மனியிலுள்ள மாக்ஸ் பிளாங்க் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்ட சோதனையில், சமதளமான காட்டில் சிலரை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனைக் காண முடிந்தவர்கள் ஏறக்குறைய நேராகச் சென்றனர். மேகமூட்டத்தில் நடந்தவர்கள், நேராகச் செல்வதாக நம்பிக்கொண்டே, வட்டமிட்டு வந்தனர்.

காணாமற்போனவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. வில்லியம் சைரோடக் என்பவர் 229 நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1976-இல் ஒரு நூல் வெளியிட்டார். ராபர்ட் கோஸ்டர் 2008-இல் அதனினும் மிகப் பெரிய தொகுப்பைக் கொண்டு எழுதினார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தான் வழிதவறிவிட்டோம் என்பதே தெரியாது. மரப்பொந்திலோ புதரடியிலோ புகுந்து உறங்கிவிடும். சற்று வளர்ந்த குழந்தை, அயலாருடன் பேசாதே என்ற வீட்டுக் கட்டளையை நினைந்து, பெயர் சொல்லி அழைப்பவரிடமிருந்தே ஒளிந்துகொள்ளும். மறதி நோயுற்ற முதியவர் புதரில் சிக்கும்வரை நடப்பார். சிக்கியபின் கூப்பிடவும் மாட்டார். ஆகவே உரக்கக் கூவிக்கொண்டு போவது மட்டும் தேடலாகாது. ஒவ்வொரு புதரின் பின்புறத்தையும் குனிந்து பார்த்தாக வேண்டும்.

இத்தொண்டின் மிகக் கடினமான பகுதி, திரும்பி வந்தபின் தொடங்குகிறது. இதனை விளக்கச் சிறிது கணிதம் வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் கூப்மன், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக, பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் முறையை ஆராய்ந்தார். கடலுக்கென வகுத்த அம்முறை பிற்காலத்தில் மலைக்கும் வந்து சேர்ந்தது. தேடலை நடத்துபவர் வரைபடத்தைப் பல கூறுகளாகப் பிரிக்கிறார். ஓடையை அடுத்த கூறில் காணாமற்போனவர் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 40 எனக் கொள்வோம். தொண்டர் குழு ஒன்று அங்கே தேடித் திரும்புகிறது, ஒன்றும் அகப்படவில்லை. ‘ஆள் இருந்திருந்தால் நூற்றுக்கு 70 அளவு உறுதியாகக் கண்டிருப்போம்’ என்று அவர்கள் கூறினால், அக்கூறின் வாய்ப்பு ஏறக்குறைய 17 ஆகக் குறைகிறது. உண்மையிலோ, புதர் அடர்ந்து, பொழுதும் சாய்ந்து, பெரும்பகுதியைக் கண்ணாற் காணவே இயலாதிருந்து, அவர்கள் 30 என்று சொல்லியிருக்க வேண்டுமாயின், வாய்ப்பு 32 அளவிலேயே நிற்கும். ஏனைய கூறுகளின் வாய்ப்பு அதற்கேற்ப மாறும்.

மறுநாள் எந்தத் திசைக்கு ஆட்களை அனுப்புவது என்பது இவ்வெண்களைப் பொறுத்தது. களைப்பாலோ வெட்கத்தாலோ மிகைப்படச் சொன்ன ஒரு சொல், எல்லாக் குழுக்களையும் வேறு மலைச்சரிவுக்குத் திருப்பிவிடும். ஓடைக்கரையில் கால் முறிந்து கிடப்பவரை அதன்பின் யாரும் நெருங்கமாட்டார். எட்டு மணி நேரம் நனைந்து நடந்தவர், ‘நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை’ என்று சொல்லுவது எளிதன்று. பயிற்சியின்போது காட்டில் பொருள்களை முன்கூட்டியே மறைத்துவைத்து, தொண்டர் எத்தனையைக் கண்டனர், எத்தனையை அருகிலேயே தாண்டிச் சென்றனர் என்று கணக்கெடுப்பதுண்டு. அந்தக் கணக்கைப் பார்த்தவருக்கு அடக்கம் தானே வரும்.

இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் ‘ஆப்த மித்ர’ என்னும் தொண்டர் திட்டத்தை, வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில், மாவட்டத்திற்கு 200 பேராகத் தொடங்கிற்று. பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியளிக்க அது விரிவாக்கப்பட்டது. அதன் முதல் நோக்கம் வெள்ளமும் நிலச்சரிவும் போன்ற இயற்கைச் சேதங்களே. பனிமலைத் தேடலுக்கு, 1965-இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்றக் கழகம், மலையேற்றத்தில் முன்னரே தேர்ந்தவர்களுக்கெனத் தனிப் பயிற்சி நடத்துகிறது.

ஆசிரியர்களுக்கு இதில் மற்றொரு பங்கு உண்டு. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கலிபோர்னியாவின் பாலமார் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறினான். நாட்கணக்கில் பெருங்கூட்டம் தேடியும் உயிருடன் மீட்க இயலவில்லை. குளிரே அவனைக் கொன்றது. அத்தேடலில் பங்குகொண்டவரும், தடம் பார்ப்பதில் பெயர் பெற்றவருமான எல்லைக் காவலர் ஏப் டெய்லர், தோழர் சிலருடன் சேர்ந்து, பள்ளிக் குழந்தைகளுக்கென ஒரு பாடத்தை வகுத்தார். ‘ஒரு மரத்தைக் கட்டிக்கொள்’ என்பது அதன் பெயர். வழி தெரியாது என்று உணர்ந்த உடனே ஒரு மரத்தின் அருகில் நின்றுவிட வேண்டும். நகர்ந்துகொண்டே இருப்பவரைக் காட்டிலும் ஓரிடத்தில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. தேடுவோர் நண்பரே, அவர்கள் அழைத்தால் குரல் கொடுக்க வேண்டும், யாரும் கோபிக்கமாட்டார்கள் என்பதும் சொல்லித்தரப்படுகிறது. குழந்தையின் கையில் ஓர் ஊதலும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றும் இருத்தல் வேண்டும். பையின் பக்கத்தில் முகத்திற்கெனத் துளையிட்டுத் தலைவழியே அணிந்தால், மழையும் காற்றும் தாக்கா. பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு: மடித்த துண்டின்மேல் மெல்லிய அலுமினியத் தாளை விரித்து, குழந்தையைக் காலணியோடு அதன்மீது மிதிக்கச் செய்தால், அடியின் அச்சு பதிந்துவிடும். அத்தாளில் பெயரெழுதி வைத்திருந்தால், காட்டில் காணும் பல தடங்களுள் எது அக்குழந்தையுடையது என்பதைத் தொண்டர் முதல் மணி நேரத்திலேயே அறிந்துகொள்ளலாம்.