கணிப்பொறி புனைந்த ஹாஸ்யக் கதைகள்

தாகங்கொண்ட எறும்பொன்று ஆற்றங்கரைக்குச் செல்கிறது. அங்கு அதன் நண்பனாகிய பறவை அமர்ந்திருக்கிறது. எறும்பு கால் தவறி நீரில் விழுகிறது. கதை அத்துடன் முடிகிறது. ஆனால் மூழ்கி இறந்ததாகக் கூறப்படுவது எறும்பன்று, புவியீர்ப்புச் சக்தி!

இக்கதையைப் புனைந்தது ஒரு கணிப்பொறி. அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மீஹன் என்பவர் 1976-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்திற்கென அளித்த ஆராய்ச்சியின் பொருட்டு, 'டேல்-ஸ்பின்' என்னும் கட்டளைத் தொகுப்பை அமைத்தார். ஈசாப் கதைகளை ஒத்த எளிய கதைகளை யந்திரமே புனைய வேண்டுமென்பதே அவர் கருத்து. ஹாஸ்யம் அவருடைய நோக்கமன்று.

நகைப்பூட்டுவதற்கென்றே யந்திரத்தை எழுதச் செய்தவர்கள் அவருக்கு முன்னரே உண்டு. 1952-இல் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி, மான்செஸ்டர் சர்வகலாசாலைக் கணிப்பொறியைக் காதற் கடிதங்கள் எழுதும்படி செய்தார். சொற்பட்டியல்களிலிருந்து குருட்டாம்போக்கில் பொறுக்கிய சொற்களை வாக்கிய அச்சுகளில் இடுவதற்கு மேல் அம்முறையில் ஒன்றுமில்லை. கடிதங்களின் அசட்டுத்தனம் சிரிப்பை விளைவித்தது. எனினும் அது கதையாகாது.

மீஹன் முறையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பசி, தாகம் போன்ற ஒரு தேவை உண்டு. அதனை நிறைவேற்றிக்கொள்ளப் பாத்திரம் கேட்கும், பேரம் பேசும், மிரட்டும். ரோஜர் ஷாங்க் வகுத்த 11 அடிப்படைச் செயல்களைக் கொண்டே எல்லா நிகழ்ச்சிகளும் யந்திரத்தினுள் குறிக்கப்பட்டன. வினோதங்கள் விளைந்தது இங்கேதான்.

ஜோ என்னும் கரடிக்குப் பசி. தேன் எங்குள்ளதென இர்விங் என்னும் பறவையைக் கேட்கிறது. பறவை மறுக்கவே, புழு ஒன்று கொணர்ந்து தருவதாகக் கரடி பேரம் பேசுகிறது. பறவையும் இணங்குகிறது. ஆனால் புழு இருக்குமிடம் கரடிக்குத் தெரியாது. அதனையும் பறவையிடமே கேட்கிறது. பறவை மறுக்கிறது. சொன்னால் ஒரு புழு தருவதாக மீண்டும் பேரம்! அந்தப் புழுவுக்கு எங்கே போவது? கதை முடிவின்றிச் சுழலத் தொடங்கியது. ஏற்கெனவே கொண்ட குறிக்கோளைப் பாத்திரம் மறுபடியும் மேற்கொள்ளலாகாதென்று விதி செய்த பின்னரே சுழற்சி நின்றது.

அடுத்த முறை பறவை ஒழுங்காகவே விடையளித்தது: ஓக் மரத்தில் தேன்கூடு இருக்கிறது என்றது. கரடியோ, தேன் எங்கேயென்று சொல்லாவிட்டால் அடிப்பேன் என்று மிரட்டியது. கூட்டினுள் தேன் இருக்குமென்பதை யந்திரத்துக்கு யாரும் அறிவிக்கவில்லை. கூட்டிலிருந்து உணவு கிடைக்குமென்று அறிவித்த பிறகு கரடி மரத்தடிக்குச் சென்று கூட்டையே தின்றுவிட்டது. புதிய களப்பணியாளரிடம் "மருந்தைத் தெளி" என்று மட்டும் கூறி, காற்றை எதிர்த்து நிற்கலாகாதெனக் கூற மறந்தவர்களுக்கு இக்கரடி அந்நியமன்று.

நரியும் காகமும் கதை மாணவர் அனைவரும் அறிந்ததே. நம் வீடுகளில் வடை, ஈசாப்பில் பாலாடைக்கட்டி. யந்திரத்தின் காகம், தன் வாயில் பாலாடைக்கட்டி இருப்பதைக் கவனித்தது, உடனே பசி கொண்டது, விழுங்கியது. பிறகு நரி வந்து சேர்ந்தது. கதை முற்றிற்று. பாட்டுக்கும் வேலையில்லை, முகஸ்துதிக்கும் வேலையில்லை. பசித்த காகத்தின் அறிவு இதுவே எனலாம்!

புவியீர்ப்பின் மரணமும் இத்தகையதே. பொருளை ஓரிடத்திற்கு நகர்த்துபவர் தாமும் அவ்விடத்தை அடைகிறார் என்பது ஒரு விதி. கூடையைச் சந்தைக்குத் தூக்கிச் செல்பவரைப் பொறுத்தவரை அது சரியே. எறும்பின் வீழ்ச்சியோ, புவியீர்ப்பு அதனை ஆற்றுக்கு நகர்த்தியதாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே புவியீர்ப்பும் ஆற்றில் அகப்பட்டது. எறும்புக்காவது கரையில் நண்பன் உண்டு. புவியீர்ப்புக்குக் காலுமில்லை, சிறகுமில்லை, நண்பருமில்லை. தர்க்கத்தில் பிழை காண இயலாது.

இவற்றை மீஹன் மறைக்கவில்லை. காரணங்களுடன் தம் ஆய்விலேயே சேர்த்தார். யந்திரம் செவ்வனே புனைந்த கதைகளைக் காட்டிலும் இப்பிழைக் கதைகளே துறையினரிடையே புகழ்பெற்றன. அது நியாயமே, செவ்வனே அமைந்த கதைகள் சற்றுச் சப்பென்றுதான் இருந்தன.

2022-க்குப் பின் பரவலாகிய மொழி யந்திரங்கள் ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அவற்றின் கரடி பொதுவாகத் தேனையே உண்ணும், கூட்டை உண்ணாது. ஆயினும் அவை தவறும்பொழுது, எந்த விதி விடுபட்டது என்று மீஹனைப் போல் விரல் வைத்துக் காட்டுதல் எளிதன்று.