அம்பதா? ஒம்பதா?

மக்களே, ரொம்ப நாளா எழுதலை. தீசிஸ்னு ஒரு பூதம் கழுத்துல ஏறி உக்காந்திருக்கு. இருந்தாலும் இதைச் சொல்லாம தூக்கம் வராது. மேட்டர் தம்போலா.

எங்க மேலூர் வீட்டுல பொங்கலோ காதுகுத்தோ, சொந்தம் கூடிட்டா சாயங்காலம் பாயை விரிச்சு தம்போலாதான். ஆடாதவங்களுக்காக: 1 முதல் 90 வரை எண்கள். சீட்டுல 3 வரிசை, வரிசைக்கு 5 எண். ஒருத்தர் பையில இருந்து எண் எடுத்துச் சொல்லச் சொல்ல, நம்ம சீட்டுல இருந்தா அடிக்கணும். ஜல்தி ஃபைவ், மூணு லைன், ஃபுல் ஹவுஸ்னு பரிசு. தப்பா கத்தினா போகி, சீட்டு காலி. அப்பத்தா பேனா தொட மாட்டாங்க, எண்ணு மேல புளியங்கொட்டை வைப்பாங்க.

எண் சொல்றது எப்பவும் தாத்தா. சும்மா சொல்ல மாட்டார். "நவகிரகம் ஒம்பது", "நட்சத்திரம் இருவத்தேழு", "நாயன்மார் அறுவத்திமூணு"ன்னு இழுப்பார். பெருசு ஓவரா பில்டப் குடுக்குதேன்னு நாங்க சிரிப்போம்.

தாத்தா போன வருஷம் தவறிட்டார். நான் இங்க ஸ்டுட்கார்ட்ல. போக முடியலை. அதை இப்ப எழுத வேணாம். அதுக்கப்புறம் அந்தப் பையை யாரும் ஆணியில இருந்து எடுக்கலை.

இந்த வருஷம் சித்தப்பாதான் ஆரம்பிச்சார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வீடியோ கால்ல ஆடுவோம்னு. நமக்கு அப்போ மதியம் ஒன்றரை. (குளிர்காலத்துல கடிகாரத்தை மாத்திட்டா பன்னிரண்டரை. மொத வாரம் இதுலயே கோட்டை விட்டேன்.) சீட்டெல்லாம் வாட்ஸப்ல வந்துடுச்சு, அப்பத்தாவுக்கு மட்டும் பேப்பர்ல. கோயம்புத்தூர்ல இருந்து சித்தப்பா கடகடன்னு எண் சொன்னார்.

பத்தே நிமிஷத்துல சண்டை. நானும் சென்னை அத்தையும் ஒரே எண்ணுக்கு "டாப் லைன்"னு கத்தினோம். மேலூர்ல அத்தை குரல் முதல்ல கேட்டுச்சாம், கோயம்புத்தூர்ல என் குரலாம். குரல் போய்ச் சேர ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரம் ஆகுது, இதுல யார் முதல்னு எப்படிச் சொல்றது? கடைசியில, அடுத்த எண் எடுக்கறதுக்குள்ள யார் கத்தினாலும் பரிசுல பங்குன்னு ரூல் போட்டோம்.

அதை விடுங்க. அன்னிக்கு அப்பத்தா "லைன்!"னாங்க. சரிபார்க்கணும், காட்டுங்கன்னா சீட்டைக் கேமராவுக்கு நேரா தூக்கினாங்க. புளியங்கொட்டை அத்தனையும் மடியில! ஒவ்வொண்ணா வாசிக்கச் சொன்னா, வந்தது 9, அவங்க வச்சிருந்தது 50. போகி. "எனக்கு வேணாம்ப்பா, நீங்க ஆடுங்க"ன்னு போனை அப்பா கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ராத்திரி பூரா அதே நெனப்பு. அம்பது, ஒம்பது, எம்பது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. போன்ல நமக்கே குழப்பம், அப்பத்தாவுக்கு இடது காது கேக்காம பல வருஷம் ஆச்சு. அப்பதான் உறைச்சுது: தாத்தா நவகிரகத்தை இழுத்தது பில்டப்புக்கு இல்ல. நவகிரகம் காதுல விழுந்துட்டா ஒம்பது விழலைன்னாலும் பரவாயில்லையே. மனுஷன் கடைசி வரைக்கும் வெளிய சொல்லவே இல்ல.

மறு வாரம் நான்தான் எண் சொல்வேன்னு அடம் பிடிச்சேன். 90 துண்டுச் சீட்டு, ஒரு தயிர் டப்பா. தாத்தா சொன்னதெல்லாம் ஞாபகப்படுத்தி எழுதினதுல முப்பதுதான் தேறுச்சு. மிச்சத்துக்கு நானா இட்டுக்கட்டினேன். பக்கத்து ரூம் பையன் நேப்பிள்ஸ்காரன். என்னடா, ஞாயித்துக்கிழமை அமைதியா இருக்கணும்னு ஊரே சொல்லுது, நீ இந்தக் கத்து கத்துறேன்னு எட்டிப் பார்த்தான். பார்த்தா அவங்க வீட்டுலயும் கிறிஸ்துமஸுக்கு இதே ஆட்டமாம், இதே 90 எண்ணாம். 22 பைத்தியக்காரன், 90 பயம்னு அவங்க எண்ணுக்கும் பேர் இருக்காம்!

அப்பத்தாவை அப்பா கெஞ்சி உக்கார வச்சிருந்தார். "நவகிரகம் ஒம்பது"ன்னதும் பட்டுன்னு கொட்டையை வச்சாங்க. ஒண்ணும் பேசலை. ஆட்டம் பாதி தாண்டி கைக்கு வந்தது 80. லிஸ்ட்டுல அதுக்கு நேரா காலி. நான் முழிக்க, அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்பத்தாதான் பேசினாங்க.

"எம்பதுதான? ஒந் தாத்தா வயசுன்னு சொல்லுடா."

சொன்னேன்.

ஃபுல் ஹவுஸ் அத்தைக்கு. பாட்டம் லைன் அப்பத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. அவங்க பங்கு பதினஞ்சு ரூபாயை அப்பா இன்னும் குடுக்கலையாம், போன் பண்ணும்போதெல்லாம் கம்ப்ளைண்ட்.