படம் மங்கலானாலும் இடம் தெரியும்!



ஊர் சுற்றிப் பார்ப்பது ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களின் காரியமாக இருந்தது. இன்று அப்படியல்ல. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் பொதட்டூர்பேட்டைப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்காகக் கடல் கடக்கிறார்கள். பெரியவர்கள் குழுவாகச் சேர்ந்து காசிக்குப் போகிறார்கள், மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். போன இடத்தில் எடுத்த படங்கள் அன்றைக்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் செல்போனில் வந்து விழுகின்றன.

ஆனால் அந்தப் படங்கள் எப்படி இருக்கின்றன? பிள்ளையின் முகம் பாதி தெரியும். பின்னால் ஏதோ ஒரு தூண், கொஞ்சம் வானம், ஓரத்தில் யாரோ ஒருவருடைய தோள். கோபுரம் என்றால் தலை இருக்காது, பாலம் என்றால் கால் இருக்காது. பருப்பு வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, பையன் எங்கே நிக்கிறான்?" என்று கேட்டால், "ஏதோ ஃபாரின்" என்று சொல்லிவிட்டு எடை போடத் திரும்பிவிடுகிறோம். பெற்ற பிள்ளை நிற்கும் இடம் எதுவென்று சொல்ல முடியாதது ஒரு சிறு வருத்தம்தான்.

இதில் பணமும் இருக்கிறது. இன்று படத்தைக் காட்டிப் பணம் கேட்கும் காலம். சுற்றுலாவுக்கு முன்பணம், வெளிநாட்டு வேலைக்கு முன்பணம் என்று எதுவானாலும் முதலில் வருவது ஒரு படம். "எங்கள் ஆட்கள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள், பாருங்கள்" என்பார்கள். அந்த "அங்கே" எங்கே என்று பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள கண்

இதைக் கற்றுக்கொள்ளப் புதிதாகப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். மளிகைக்காரருக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது. மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கையில் அள்ளும்போதே தெரிகிறது. துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால், சரிவாகச் செதுக்கியது போன்ற அதன் வடிவம் காட்டிக்கொடுக்கிறது. குடோனில் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் நாம் தவறுவதில்லை. காரணம், நாம் மூட்டை முழுவதையும் பார்ப்பதில்லை. மாறாத ஓர் அடையாளத்தைத் தேடுகிறோம். உலகப் புகழ் பெற்ற இடங்களுக்கும் இதே வழிதான். படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அழியாத அடையாளம் ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

1. வெளிக்கோட்டைப் பாருங்கள்

படம் இருட்டாக இருந்தாலும், ஆடிப்போயிருந்தாலும் கட்டடத்தின் வெளிக்கோடு பெரும்பாலும் தப்பிவிடும். நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது. அவர் மகன் ராஜேந்திர சோழன் கட்டியது கங்கைகொண்ட சோழபுரம். இரண்டு விமானங்களும் தூரத்துப் படத்தில் ஒன்று போலவே தெரியும். ஆனால் தஞ்சை விமானத்தின் ஓரம் அடுக்கு அடுக்காக நேர்கோட்டில் ஏறும். கங்கைகொண்ட சோழபுரத்தின் ஓரம் சற்று உட்குழிந்து வளைந்து ஏறும். இந்த ஒரு கோடு போதும்.

தாஜ்மகாலுக்கும் ஒரு தங்கை உண்டு. ஔரங்கசீப்பின் மகன் ஆசம் ஷா தன் தாய்க்காக ஔரங்காபாத்தில் எழுப்பிய பீபி கா மக்பரா அது. அந்த நகருக்கு இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். அங்கு எடுத்த படத்தைக் காட்டி "தாஜ்மகால்" என்று சொல்பவர்கள் உண்டு. தாஜில் நடுக்கட்டடம் அகலமாக உட்கார்ந்திருக்கும், நான்கு மினார்களும் அதற்கு அடங்கி நிற்கும். மக்பராவில் நடுக்கட்டடம் ஒடுங்கி, மினார்கள் ஓங்கித் தெரியும்.

அடுத்து வளைவுகள். டெல்லியின் இந்தியா கேட், மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா, பாரிஸின் ஆர்க் டி ட்ரையம்ஃப் ஆகிய மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். மேலே நான்கு சிறு கோபுரங்கள் இருந்து, அருகே கடலும் படகும் தெரிந்தால் அது மும்பை, 1924-இல் திறக்கப்பட்டது. தலை தட்டையாக, தனித்து உயர்ந்து, இருபுறமும் புல்வெளி விரிந்தால் அது டெல்லி. 1931-இல் முடிந்தது, 42 மீட்டர் உயரம். தூண்களில் பெரிய பெரிய உருவச் சிற்பங்கள் புடைத்து நிற்க, சுற்றிலும் கார்கள் வட்டமிட்டால் அது பாரிஸ், 1836-இல் முடிந்தது.

2. முதுகுப்புறத்தைப் பாருங்கள்

நடுவில் நிற்பது மறைந்தாலும் பின்னால் இருப்பது பேசும். திருத்தணி முருகனின் 365 படிகளை ஏறியிறங்கிய நமக்கு மலேசியாவின் பத்துமலை தனி ஈர்ப்பு. அங்கே 2006-இல் திறக்கப்பட்ட பொன்னிற முருகன் சிலை 140 அடி உயரம். நம் சேலம் மாவட்டத்தில் ஏத்தாப்பூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு கண்ட முத்துமலை முருகன் 146 அடி. வெயிலில் கண் கூசும்படி எடுத்த படத்தில் இரண்டும் பொன்னிறம், இரண்டும் முருகன். எப்படிப் பிரிப்பது? பத்துமலையில் சிலைக்குப் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை எழும். பக்கத்தில் 272 படிகள் குகைக்கு ஏறும். 2018 முதல் அந்தப் படிகளுக்குப் பல வண்ணம் பூசியிருக்கிறார்கள். சிலையின் கால் மட்டுமே படத்தில் விழுந்திருந்தாலும், ஓரத்தில் வண்ணப் படி இரண்டு தெரிந்தால் ஊர் தெரிந்துவிட்டது.

பாரிஸின் ஈஃபில் கோபுரம் 1889-இல் எழுந்தது. அதைப் போலவே இரும்பில் 1958-இல் எழுந்தது ஜப்பானின் டோக்கியோ கோபுரம். பகலில் ஈஃபில் பழுப்பு, டோக்கியோ ஆரஞ்சும் வெள்ளையும். இரவுப் படத்தில் நிறத்தை நம்ப முடியாது. அப்போது காலடியைப் பாருங்கள். ஈஃபிலின் நான்கு கால்களுக்கு நடுவே பெரிய வளைவும் வெட்டவெளியும் இருக்கும். டோக்கியோவின் கால்களுக்கு நடுவே ஒரு கட்டடமே உட்கார்ந்திருக்கும்.

கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 452 மீட்டர். பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு படத்துக்குள் அடங்கவே அடங்காது. ஆனால் இரட்டைக் கோபுரங்களை 41, 42-ஆம் மாடிகளில் இணைக்கும் பாலம் ஒன்று தெரிந்தால் போதும். சிங்கப்பூர் என்றால் மூன்று கட்டடங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்தது போன்ற மரினா பே சாண்ட்ஸ் பின்னணியில் எங்காவது எட்டிப் பார்க்கும்.

3. எழுத்தைப் பாருங்கள்

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். எல்லை ஓரத்தில் வாழ்கிறவர்கள் நாம். திருத்தணி 1960-இல் தமிழகத்தோடு சேர்ந்த வரலாறும் நமக்குத் தெரியும். நகரி, புத்தூர் பக்கம் சரக்கெடுக்கப் போகும்போது, கடைப் பலகையில் எழுத்து மாறியதும் மாநிலம் மாறிவிட்டது என்று அறிகிறோம். படத்திலும் அதையே செய்வோம். ஓரத்தில் ஒரு பேருந்து, ஒரு குப்பைத் தொட்டி, ஒரு டீக்கடைப் பலகை என எதிலாவது எழுத்து இருக்கும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, எந்த நாட்டு எழுத்து என்று தெரிந்தால் போதும். "துபாயில் எடுத்தது" என்று வந்த படத்தில் ஒரு பலகையில்கூட அரபு எழுத்து இல்லையென்றால் ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டும். வண்டி சாலையின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் சாட்சிதான். நம் நாட்டிலும் சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஜப்பானிலும் இடப்புறம். துபாயிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வலப்புறம்.

4. சாய்வது எது?

இத்தாலியின் பைசா கோபுரம் சாய்ந்திருப்பது உலகுக்கே தெரியும். விழுந்துவிடுமோ என்று 1990-இல் மூடி, அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து ஓரளவு நிமிர்த்தி, 2001-இல் மறுபடி திறந்தார்கள். ஆனால் கை கோணி எடுத்த படத்தில் எந்தக் கோபுரமும் சாயும். சோதனை எளிது. பக்கத்தில் நிற்கும் மனிதரும் விளக்குக் கம்பமும் நேராக இருந்து, கோபுரம் மட்டும் சாய்ந்தால் அது பைசா. எல்லோருமே சேர்ந்து சாய்ந்தால் கோளாறு கையில்! தராசு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடையை நம்புகிற நமக்கு இது புதிதல்ல.

5. லேபிளை மட்டும் நம்பாதீர்கள்

டின்னின் மேல் ஒட்டிய லேபிளுக்கும் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லாமல் போவதை நாம் பார்த்திருக்கிறோம். படத்தின் கீழ் எழுதியிருப்பதும் ஒரு லேபிள்தான்.

லண்டன் பாலம் என்று சொல்லி அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலானவை 1894-இல் திறக்கப்பட்ட டவர் பிரிட்ஜின் படங்கள். இரண்டு பெரிய கோபுரங்களும் அவற்றை மேலே இணைக்கும் நடைபாதையும் உள்ளது அதுதான். உண்மையான லண்டன் பாலம் அலங்காரம் எதுவுமில்லாத சாதாரணப் பாலம். இதில் ஒரு வியாபாரக் கதையும் உண்டு. பழைய லண்டன் பாலத்தை 1968-இல் அமெரிக்கத் தொழிலதிபர் ராபர்ட் மக்கலக் 24,60,000 டாலருக்கு விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, அரிசோனா மாநிலத்தின் லேக் ஹவாசு நகரில் மறுபடி கட்டினார். 1971-இல் திறப்பு விழா நடந்தது. டவர் பிரிட்ஜ் என்று நினைத்து இதை வாங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. தெரிந்தேதான் வாங்கினேன் என்று அவர் மறுத்தார். ஆனாலும் அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

பெரிய இடங்களுக்கும் இது நேர்வதுண்டு. நம் எல்லையில் விளக்குகள் அமைத்ததைக் காட்டுவதற்காக மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் வந்த படம் ஒன்று, உண்மையில் ஸ்பெயின்–மொராக்கோ எல்லையில் எடுக்கப்பட்டது என்பது 2017-இல் வெளியாகிப் பெரும் செய்தியானது. எத்தனையோ கைகளைக் கடந்து வரும் அறிக்கையிலேயே இப்படி என்றால், வாட்ஸ்அப்பில் வருவதை எவ்வளவு எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும்!

கல்லாவிலேயே பயிற்சி

தினமும் நம் கைக்கு வரும் மங்கலான படங்கள் ரூபாய் நோட்டுகளே. அழுக்கேறி, மடிந்து, மஞ்சள் கறை படிந்த நோட்டின் பின்பக்கத்தை வைத்தே கண்ணைப் பழக்கலாம். புதிய வரிசையில் 10 ரூபாயில் கொனார்க் சூரியக் கோயில், 20-இல் எல்லோரா, 50-இல் ஹம்பியின் கல் தேர், 200-இல் சாஞ்சி ஸ்தூபி, 500-இல் செங்கோட்டை. 100 ரூபாயில் இருப்பதைப் பலர் கோயில் மண்டபம் என்கிறார்கள். அது குஜராத்தின் பாடன் நகரில் உள்ள ராணி கி வாவ், தரைக்குக் கீழே அடுக்கடுக்காக இறங்கும் படிக்கிணறு! பழைய 100 ரூபாயில் இருப்பது கஞ்சன்ஜங்கா மலை. 1954-இல் வெளிவந்த 1000 ரூபாய் நோட்டில் நம் தஞ்சைப் பெரிய கோயிலே இருந்தது. அந்த நோட்டு 1978-இல் செல்லாததாயிற்று. கடைப் பையன்களிடம் நோட்டைக் கொடுத்து "இது எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். பின்பக்கத்தை நன்றாகப் பார்த்துப் பழகிய கண் கள்ள நோட்டு வந்தாலும் தயங்கி நிற்கும்.

செய்ய வேண்டியவை

செல்போனில் உள்ள கூகுள் லென்ஸ் போன்ற வசதியிடம் படத்தைக் காட்டினால் இடத்தின் பெயரைச் சொல்லும். அதைப் பயன்படுத்துங்கள். தெளிவான படத்துக்கு அது நல்ல துணை. மங்கலான படத்தில் அக்காவுக்குப் பதில் தங்கையின் பெயரைச் சொல்லிவிடவும் கூடும். ஆகவே மேலே சொன்ன நான்கு அடையாளங்களையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

யாராவது படத்தைக் காட்டி முன்பணம் கேட்டால், அதே இடத்தில் வேறு பக்கத்திலிருந்து எடுத்த இன்னொரு படம் கேளுங்கள். உண்மையில் அங்கே நிற்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. காரணம் சொல்லித் தட்டிக்கழித்தால் பணத்தைக் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம். "முகத்தை மட்டும் எடுக்காதே அப்பா, பத்தடி தள்ளி நின்று பின்னால் இருப்பதையும் சேர்த்து எடு. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்காதே. படத்தோடு ஊர் பெயரையும் எழுது." இவ்வளவு சொன்ன பிறகும் அவர்கள் அரைமுகப் படம்தான் அனுப்புவார்கள். அதனால் என்ன? ஓரத்தில் தெரியும் ஒரு படியை, ஒரு பலகையை வைத்து, அவர்கள் நிற்கும் ஊரை நாமே கண்டுபிடிப்போம். அடுத்த முறை "பையன் எங்கே?" என்று கேட்பவருக்குப் பெருமையோடு பதில் சொல்வோம்.