பெரிய சக்கரமும் குறைத்துச் சொல்லும் மீட்டரும்



லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் மீது சுமத்தக்கூடிய பழிகளுள் கொடியது எது என்று அத்தொழிலில் இருப்பவர் யாரைக் கேட்டாலும், "டீசல் திருடினான்" என்பதுதான் என்று சொல்வார். இடித்த பழி, தாமதித்த பழி எல்லாம் சில நாளில் ஆறிவிடும். திருட்டுப் பழி மட்டும் அவர் அடுத்த முதலாளியிடம் வேலை கேட்டுப் போகும்போதும் அவருக்கு முன்பாக அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில், கரமனைப் பகுதியில், என் அடுத்த வீட்டில் குடியிருக்கும் சாரதி ஒருவருக்கு அந்தப் பழி வந்தது. குமரி மாவட்டத்துக்காரர். நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலிருந்து இங்குள்ள சாலைக் கம்போளத்துக்குக் காய்கறி கொண்டுவரும் சிறு லாரியை ஓட்டுபவர். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்பது அந்த வண்டியின் பழைய கணக்கு. ஒரு மாதம் அது திடீரென ஏழரைக்கு இறங்கிவிட்டது. முதலாளி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "தம்பி, இருபத்தோரு லிட்டர் எங்கே போச்சு?" என்று கேட்டாராம். "அண்ணாச்சி, என் பிள்ளைகள் மேல் சத்தியமாக நான் எடுக்கவில்லை" என்பதற்கு மேல் இவரிடம் விடை இல்லை. அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அந்த மாதத்தில் வண்டியில் புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டயர் மாற்றினோம், பாரம் தாங்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாகப் போட்டோம் என்றார். இருபத்தோரு லிட்டரும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய, மீட்டர் எனும் கருவி எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அது சாலையை அளப்பதில்லை. சக்கரத்தின் சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் ஒரு முறை கற்பிக்கப்பட்ட பாடத்தை வாழ்நாள் முழுதும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. இந்த உபாயம் மிகப் பழமையானது. ரோமானியச் சிற்பியான விட்ரூவியஸ் தம் கட்டடக்கலை நூலில் தூரம் அளக்கும் தேர் ஒன்றை விவரித்துள்ளார். நான்கடி விட்டமுள்ள சக்கரம் 400 முறை சுற்றினால் 5,000 ரோமானிய அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். பயண முடிவில் கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தேருக்கு யாராவது நாலரை அடிச் சக்கரத்தை மாட்டியிருந்தால், அதே சாலைக்கு விழும் கற்கள் குறைந்திருக்கும். நம் சாரதியின் வண்டியில் நடந்ததும் அதுவே.

லாரியில் கூழாங்கல்லுக்குப் பதில் கேபிள் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டில் ஒரு சிறு பற்சக்கரம். அதனோடு பொருந்திச் சுழலும் பினியன். பினியனிலிருந்து முகப்புப் பலகை வரை உறைக்குள் சுழலும் கம்பி. அந்தக் கம்பி மீட்டருக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பக்கம், சிறு பற்சக்கரங்களை உருட்டிக் கிலோமீட்டர் எண்களை ஏற்றுகிறது. மறுபக்கம், ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றித் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலச் சுழல அக்கிண்ணத்தில் மின்சுழல்கள் தோன்றி அதையும் இழுத்துச் செல்ல முயல்கின்றன. மெல்லிய சுருள்வில் ஒன்று தடுக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்னணு மீட்டர்கள் வரும்வரை உலகின் பெரும்பாலான வண்டிகள் இதை நம்பியே ஓடின. பழைய லாரிகளில் இன்றும் ஓடுகின்றன.

இதற்கு 'வேகமானி' என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லில் பற்றும் உண்டு. ஆயினும் ஒரு பட்டறையில் அச்சொல்லைச் சொல்லி நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'மீட்டர்' என்றால்தான் வேலை நடக்கிறது. ஆகவே நானும் மீட்டர் என்றே சொல்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்த வண்டியில் முன்பு இருந்தவை 7.50–16 என்னும் அளவுள்ள டயர்கள். இப்போது போட்டவை 8.25–16. முன்னதன் முழு விட்டம் சுமார் 805 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் சுமார் 855. தயாரிப்பாளருக்கேற்பச் சிறிது கூடும், குறையும். விட்டம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ அதே விகிதத்தில் சுற்றளவும் கூடும். ஆக, ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம் முன்னேறுகிறது. மீட்டருக்கு அது தெரியாது. மாதத்தில் உண்மையாக ஓடியது 3,000 கிலோமீட்டர் என்றால் மீட்டரில் ஏறுவது சுமார் 2,828. டீசல் செலவோ உண்மையான ஓட்டத்துக்கு ஆனது: லிட்டருக்கு 8 வீதம் 375 லிட்டர். முதலாளி 2,828ஐ எட்டால் வகுத்தார், 353½ வந்தது. மீதி இருபத்தொன்றரை லிட்டர் 'காணாமற் போயிற்று'. மீட்டரில் ஏறிய கிலோமீட்டரை 375ஆல் வகுத்தால் ஏழரை. பெரிய டயரை உருட்டச் சிறிது டீசல் கூடவும் செலவாகலாம். அதைக் கணக்கில் சேர்க்காமலே திருட்டு வழக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிடுகிறது.

தூரம் என்பது எப்போதும் காசுதான். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் இந்நகரில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். 28 சக்கரம் கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாணயத்தின் பெயரும் சக்கரம், அதை ஈட்டித் தருவதும் சக்கரம். இன்றும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஓடும் வண்டிக்குப் பெரிய டயர் போட்டு மீட்டரைத் திருத்தாமல் விட்டால் நட்டம் உரிமையாளருக்கு. ஆட்டோ ரிக்ஷாவின் கட்டண மீட்டரைச் சட்டமுறை எடையளவுத் துறையினர் சோதித்து முத்திரையிடுவதன் பொருளும் இதுவே. கடைக்காரரின் படிக்கல்லும் அந்த மீட்டரும் ஒரே இனம்.

டீசல் கணக்கைவிடப் பெரிய ஆபத்து முள்ளில் இருக்கிறது. முள் 60 காட்டும்போது இந்த வண்டி ஓடுவது ஏறக்குறைய 63.7 கிலோமீட்டர் வேகத்தில். வேகம் குறைத்துக் காட்டப்படுவதை உலக வழக்கம் ஏற்பதில்லை. ஐரோப்பாவுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் ஒழுங்குவிதி, காட்டும் வேகம் உண்மை வேகத்துக்கு ஒருபோதும் குறையக் கூடாது என்கிறது. ஓரளவு கூடுதலாகக் காட்டலாம். அதனாலேயே பல தயாரிப்பாளர்கள் முள்ளைச் சற்று முன்னே ஓட விட்டிருப்பார்கள். பெரிய டயர் முதலில் அந்த முன்ஜாக்கிரதையை விழுங்கிவிட்டுப் பிறகு மீறத் தொடங்குகிறது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் சாலைக் காமிராக்களின் வழியே அபராதம் விதிக்கும் முறை விரிவாக நடைமுறைக்கு வந்தது. வேகம் பிடிக்கும் காமிரா உண்மை வேகத்தையே அளக்கும். முள் என்ன சொல்லிற்று என்று அது சாரதியைக் கேட்பதில்லை. 2015 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் பெரும்பாலான போக்குவரத்து வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி தடுக்கும் கருவி இருக்கிறது. அதுவும் சக்கரச் சுற்றுகளையே நம்புவதால், திருத்தப்படாவிட்டால் எண்பதென எண்ணி எண்பத்தைந்துக்கு விட்டுவிடும்.

திருத்துவதற்கு முன் பிழை எவ்வளவு என்று சாலையிலேயே அளந்தறிய வேண்டும். அட்டவணை விட்டம் வழிகாட்டுமே தவிர முடிவு சொல்லாது. ஏற்றிய பாரத்தில் டயர் அடியில் அமுங்கும், காற்றழுத்தமும் வேறுபடும். காற்றைச் சரியாக நிரப்பி, வழக்கமான பாரத்தோடு, நீண்ட தூரம் ஓட்டிப் பார்ப்பதே நல்லது. ஒரே ஒரு கிலோமீட்டர்க் கல்லை நம்பலாகாது. கற்களிடையே சில மீட்டர் முன்பின் இருப்பதுண்டு. நம் சாரதி, கழக்கூட்டத்தில் சரக்கு இறக்க வேண்டியிருந்த ஒரு நாள், முதலாளியையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை செல்லும் ஏறக்குறைய 43 கிலோமீட்டர் நான்குவழிப் புறவழிச்சாலையில் இதைச் செய்தார். கைத்தொலைபேசியிலுள்ள செயற்கைக்கோள் வழிகாட்டி 40 கிலோமீட்டர் காட்டியபோது வண்டியின் மீட்டர் 37.7 காட்டியது. நாற்பதை 37.7ஆல் வகுத்தால் 1.061. முள்ளைத் தனியே சோதிக்கவும் வழியுண்டு. அறுபதில் முள்ளை நிலையாக நிறுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். முள் சரியென்றால் 60 விநாடி. ஐம்பத்தாறரை விநாடியிலேயே முடிந்தால் உண்மை வேகம் 63.7.

இங்கே ஒரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முள்ளைப் பிடுங்கி நான்கு கிலோமீட்டர் முன்னே தள்ளிக் குத்திவிட்டால் போதும் என்று சொல்வார் உண்டு. அது திருத்தம் அன்று. இந்தப் பிழை விகிதப் பிழை: அறுபதில் நான்கு என்றால் முப்பதில் இரண்டுதான். தள்ளிக் குத்திய முள் அறுபதில் மட்டும் சரியாக இருக்கும். வண்டி நிற்கும்போதும் நான்கு காட்டும். கிலோமீட்டர் எண்களோ முள்ளோடு தொடர்பற்றவை. அவை பழையபடியே குறைந்து ஏறும். இருபத்தோரு லிட்டர்ப் பழி அப்படியே நிற்கும்.

சரியான இடம் கேபிளின் தொடக்கம். பினியனில் 18 பல் இருந்தால் அதற்குப் பதில் 17 பல் உள்ளதைப் போட்டால், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி 18/17 மடங்கு, அதாவது 1.059 மடங்கு வேகமாகச் சுழலும். வேண்டியது 1.061. மிஞ்சும் பிழை ஆயிரத்தில் இரண்டு. முள்ளும் எண்களும் ஒருங்கே திருந்தும். பொருந்தும் பினியன் கிடைக்காவிட்டால், கேபிளின் இடையே இணைக்கும் சிறு பற்சக்கரப் பெட்டியை வேண்டிய விகிதத்தில் செய்து பொருத்துவது இரண்டாம் வழி. புதிய வண்டிகளில் கேபிள் இல்லை; உணர்கருவி அனுப்பும் மின்துடிப்புகளைக் கணினி எண்ணுகிறது. கிலோமீட்டருக்கு இத்தனை துடிப்பு என்னும் எண்ணைத் தயாரிப்பாளரின் பணிமனையில் மாற்றித் தருவார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் அப்போதே சரிபார்க்கச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் லாரிகளின் ஓட்டப் பதிவுக் கருவியை இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் சோதிக்க வேண்டும்; டயரின் சுற்றளவு மாறினால் மீண்டும் அளவு திருத்த வேண்டும். நம் நாட்டுச் சாரதிக்கு அந்தப் பாதுகாப்பு அவர் தாமே கேட்டுப் பெறுவதாகத்தான் இருக்கிறது என்பது எனக்கு வருத்தமே.

திருத்துவது இனி ஓடப்போகும் தூரத்தையே. ஏற்கெனவே ஏறிய எண்களைத் தொடக் கூடாது. எந்தத் தேதியில், மீட்டர் எத்தனை காட்டும்போது, என்ன மாற்றப்பட்டது என்று பட்டறைச் சீட்டில் எழுதி வாங்கி வண்டிப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். டயரும் தயாரிப்பாளர் அவ்வண்டிக்கு ஒப்பிய அளவாக இருத்தல் அவசியம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பின்னச்சின் இரட்டைச் சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசினால் மீட்டரைப் பற்றிக் கவலைப்பட நேரமே இராது.

பினியன் மாற்றிய மறு மாதம் நோட்டில் லிட்டருக்கு 7.9 வந்தது. முதலாளி மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. "டயர் விற்றவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, தம்பி" என்றாராம், அவ்வளவுதான். சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டயர் தேய்வதையும் சாரதியிடம் சொல்லி வைத்தேன். மேற்பரப்பு 10 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 20 குறையும். 855இல் அது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அப்போது மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாக ஏறும். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் சிரித்தார். "அப்படியென்றால் டயர் மொட்டையாகும்போது நான் டீசல் மிச்சம் பிடிக்கிறவன் ஆகிவிடுவேன், சார்!"